நின்றுபோன கணினியிடம் விசாரணை



கணினித் துறை மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சர்வர் பராமரிப்பில் பல ஆண்டுகளைக் கழித்தவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு கணினி க்ராஷ் ஆகி விழுந்தாலும் சரி, அசையாமல் ஹேங் ஆகி நின்றாலும் சரி, அதற்கான காரணம் பெரும்பாலும் அதன் நினைவகத்திலேயே அப்படியே கிடக்கிறது. ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் அது அழிந்துவிடுகிறது. அழுத்துவதற்கு முன் அதைக் கைப்பற்ற வழி இருக்கிறது. கைப்பற்றியதை நிதானமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. கர்னல் டீபக்கர் என்ற கருவியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

நீங்கள் எல்லாரும் அறிந்த ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39க்கு, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 10.57க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைப் பெற்ற கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. மறுபடி எழுந்தன, மறுபடி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு 85 லட்சம் கணினிகள். மருத்துவமனைகள், வங்கிகள், விமான நிறுவனங்கள் என எங்கும் வேலை நின்றது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு மென்பொருளில் நேர்ந்த பிழை எப்படி முழுக் கணினியையும் சாய்த்தது? உங்கள் பிரவுசரோ கணக்கு மென்பொருளோ தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கர்னலுக்குள்ளேயே அந்தத் தவறு நடந்தால் அதைத் தட்டிக்கேட்க மேலே யாரும் கிடையாது. டிரைவர்கள் எல்லாம் கர்னலின் உள்ளே, அதன் முழு அதிகாரத்தோடு ஓடுகிறவை. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருளும் அப்படி ஒரு டிரைவராகத்தான் ஓடியது.

கர்னல் தன்னிடம் ஏதோ தப்பு நடந்துவிட்டதைக் கண்டதும் வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்துகிறது. கெட்டுப்போன தரவை வட்டில் எழுதிவிடக் கூடாதே என்பதுதான் காரணம். ஆகவே நீலத்திரையைப் பார்த்து விண்டோஸைத் திட்டுவது நியாயமல்ல என்பது என் கருத்து. உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற அது செய்யும் கடைசி வேலை அது. நிறுத்துவதற்கு முன் இன்னொன்றும் செய்கிறது: நினைவகத்தில் இருப்பதைப் பேஜ் ஃபைலுக்கென ஒதுக்கிய வட்டு இடத்தில் எழுதி வைக்கிறது. கோப்பு முறைமையே கெட்டிருக்கக்கூடும் என்பதால் புதிதாகக் கோப்பு திறக்கும் துணிச்சலை அது எடுப்பதில்லை. அடுத்த முறை கணினி எழும்போது அந்தப் பதிவு ஒரு டம்ப் கோப்பாக விண்டோஸ் ஃபோல்டருக்கு வந்து சேர்கிறது. விண்டிபிஜி என்ற டீபக்கரில் திறக்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

இனி அந்த ஜூலை மாத டம்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அன்றே சமூக ஊடகத்தில் ஒரு டம்பின் படம் பரவியது. டிரைவர் படிக்க முயன்ற முகவரி ஹெக்ஸ் எண்ணில் 9சி, அதாவது பூச்சியத்துக்கு மிக அருகே இருக்கும் ஒரு சின்ன எண். அதைப் பார்த்ததும், "நல் பாயிண்டர் பிழை, சோதித்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்" என்று பலரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்த ஊகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பாயிண்டர் காலியாக இருந்து, அது சுட்டும் தொகுப்பில் 156ஆவது பைட்டில் உள்ள உறுப்பைப் படிக்கப் போனால் சரியாக இந்த எண்தான் வரும். டம்ப் படிக்கப் பழகியவர்கள் சின்ன முகவரியைக் கண்டதும் முதலில் நினைப்பது இதைத்தான்.

ஆனால் ஊகத்தைக் கட்டளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விழுந்த கட்டளைக்கு மேலே உள்ள சில வரிகளைப் படித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். டிரைவர் ஒரு பட்டியலிலிருந்து ஒரு பாயிண்டரை எடுத்து ஆர்8 என்ற ரெஜிஸ்டரில் வைக்கிறது. அது பூச்சியமா என்று சோதிக்கிறது. பூச்சியமென்றால் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆக, நல் சோதனை அங்கேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட இன்னொரு டம்பில் ஆர்8-இல் இருந்தது கர்னல் முகவரி போலவே தோற்றமளிக்கும் நீண்ட எண். அந்த முகவரிக்கு நினைவகம் எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதையும் டீபக்கரிலேயே சரிபார்த்துக் காட்டினார்கள். ஒரே பிழைதான், கணினிக்குக் கணினி முகவரி மட்டும் மாறுகிறது. அந்த மாற்றமே ஒரு தடயம். பூச்சியம் வந்திருந்தால் எங்கும் பூச்சியமே வந்திருக்கும். குப்பை மதிப்பு என்றால்தான் இடத்துக்கு இடம் மாறும்.

குப்பை எங்கிருந்து வந்தது? பட்டியலில் எத்தனையாவது இடத்தைப் படித்தது என்ற எண் ஆர்11 ரெஜிஸ்டரில் நின்றிருந்தது: ஹெக்ஸில் 14, நம் கணக்கில் 20. பட்டியலை பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் அது 21ஆவது இடம். க்ரவுட்ஸ்ட்ரைக் ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட விரிவான அறிக்கை மீதியைச் சொன்னது. அந்தக் கோப்பு சுமந்து வரும் விதிகளின் வரையறையில் 21 உள்ளீடுகள் இருந்தன. டிரைவர் கொடுத்ததோ 20தான். அதுவரை வந்த விதிகளெல்லாம் 21ஆவது உள்ளீட்டில் எது வந்தாலும் சரி என்று விட்டிருந்ததால், யாரும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஜூலை 19 அன்று போன கோப்புதான் முதன்முறையாக அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. டிரைவர் பட்டியலின் எல்லைக்கு வெளியே போய், அங்கே கிடந்த ஏதோ ஒரு எண்ணை முகவரி என்று நம்பிப் படித்தது.

ஒரே ஒரு ரெஜிஸ்டரில் இருந்த 20 என்ற எண், உலகையே உலுக்கிய ஒரு முடக்கத்தின் வேரைச் சுட்டிக்கொண்டிருந்தது. அன்று எத்தனையோ கணினிகளில் அந்த எண் பதிவாகியிருக்கும். தெரிய வேண்டியதைப் படிக்கக் கற்றவர்கள் படித்தார்கள். ஒற்றை டம்பை வைத்துக்கொண்டு அவசரப்பட்டவர்கள் தவறான காரணத்தை ஊரெல்லாம் பரப்பினார்கள். மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: விழுந்த வரியோடு நிறுத்தாதீர்கள். அந்த மதிப்பு அந்த ரெஜிஸ்டருக்கு எப்படி வந்தது என்று கட்டளைகளைப் பின்னோக்கிப் படியுங்கள். முடிந்தால் இரண்டாவது டம்பைத் தேடுங்கள்.

விழுவது ஒரு வகையில் எளிது. கணினியே தன் விழுகையை அறிவித்து, பதிவும் செய்து வைக்கிறது. ஹேங் அப்படியல்ல. எந்த அறிவிப்பும் இல்லை. மவுஸ் நகராது, சர்வரில் லாகின் ஆகாது, தொலைபேசி மட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். மேலாளர் பின்னால் நின்று "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்தத் துணிவு வரும்.

முதலில் கேட்க வேண்டியது: கணினி எதையோ விடாமல் செய்துகொண்டிருக்கிறதா, அல்லது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறதா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கீபோர்டில் 'நம் லாக்' என்ற விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் இன்டரப்ட்களை யாரோ இன்னும் கவனிக்கிறார்கள். வேறொரு கணினியிலிருந்து பிங் செய்யுங்கள். பிங்குக்குப் பதில் சொல்வது கர்னல். அதற்கு எந்த ப்ராசஸின் உதவியும் தேவையில்லை. பிங் பதில் சொல்கிறது, லாகின் மட்டும் ஆகவில்லை என்றால், கர்னல் உயிரோடு இருக்கிறது, ப்ராசஸ்கள் ஏதோ ஒன்றில் சிக்கி நிற்கின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிங்கும் இல்லை, விளக்கும் மாறவில்லை என்றால், ப்ராசசர் இன்டரப்ட்களை மூடிவைத்துக்கொண்டு எங்கோ சுழல்கிறது, அல்லது வன்பொருளே போய்விட்டது.

லினக்ஸ் சர்வர் பராமரிப்பவர்கள் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு நிலைமையைச் சொல்கிறேன். லோட் ஆவரேஜ் 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. ப்ராசசரோ கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. என்ன நடக்கிறது என்று பார்க்க பிஎஸ் கட்டளையைக் கொடுக்கிறீர்கள். நாலு வரி அச்சிட்டுவிட்டு அதுவும் நின்றுவிடுகிறது. கன்ட்ரோல்-சி கொடுத்தாலும் அசையவில்லை. இன்னொரு டெர்மினலில் மறுபடி கொடுக்கிறீர்கள். அதே நாலு வரி, அதே இடத்தில் நிற்கிறது. நோயைப் பார்க்க வந்த கருவிக்கே நோய் தொற்றிக்கொண்டது.

இதற்குள் நடப்பது என்ன? லினக்ஸில் லோட் ஆவரேஜ் என்பது ஓடும் ப்ராசஸ்களோடு, இடைமறிக்க முடியாத காத்திருப்பில் உள்ளவற்றையும் சேர்த்து எண்ணுவது. டி நிலை என்று அதைச் சொல்வோம். லோட் உயர்ந்து ப்ராசசர் சும்மா இருந்தால், கூட்டமெல்லாம் காத்திருக்கும் கூட்டம். பிஎஸ் ஒவ்வொரு ப்ராசஸின் கட்டளை வரியையும் அந்த ப்ராசஸின் நினைவகத்திலிருந்தே படிக்கிறது. அதற்கு அந்த ப்ராசஸின் நினைவக வரைபடத்தைக் காக்கும் லாக் வேண்டும். அந்த லாக்கை யாராவது விடாமல் பிடித்திருந்தால் பிஎஸ்ஸும் வரிசையில் போய் நிற்கும்.

ஆகவே அந்தக் கணினியின் சாதாரணக் கட்டளைகளை நம்புவதை விட்டுவிட்டு கர்னலிடமே கேட்க வேண்டும். ஆல்ட், சிஸ்ரிக்யூ விசைகளோடு டபிள்யூ எழுத்தை அழுத்தினால், டி நிலையில் உள்ள எல்லா ப்ராசஸ்களின் கர்னல் ஸ்டாக்கையும் கர்னல் தன் பதிவேட்டில் கொட்டிவிடும். பல லினக்ஸ் பதிப்புகளில் இந்த விசை ஓரளவு பூட்டப்பட்டே வருகிறது. முன்கூட்டியே திறந்து வைத்திருக்க வேண்டும். கீபோர்டு இல்லாத சர்வரில் அதே எழுத்தை ப்ராக் ஃபோல்டரில் உள்ள சிஸ்ரிக்யூ ட்ரிகர் கோப்பில் எழுதினால் போதும். 120 நொடிகளுக்கு மேல் டி நிலையில் கிடக்கும் ப்ராசஸைப் பற்றிக் கர்னல் தானாகவே பதிவேட்டில் எச்சரிப்பதும் உண்டு. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்டாக்குகள் கைக்கு வந்ததும் சங்கிலியைப் பிடித்துப் போக வேண்டும். நான் சொன்ன நிலைமையில், பழைய கர்னல்களில் அது பெரும்பாலும் இப்படி ஓடும். பிஎஸ் லாக்குக்குக் காத்திருக்கிறது. அதற்கு முன்னால் அந்த ப்ராசஸின் ஒரு த்ரெட், அதே லாக்கை எழுதும் உரிமையோடு கேட்டுக் காத்திருக்கிறது. இன்னொரு த்ரெட் படிக்கும் உரிமையோடு லாக்கைப் பிடித்தபடி, ஒரு நினைவகப் பக்கம் வந்து சேரக் காத்திருக்கிறது. அந்தப் பக்கம் என்எஃப்எஸ் வழியாக வேறொரு கணினியின் வட்டிலிருந்து வர வேண்டியது. அந்தக் கணினியிடமிருந்து பதிலே இல்லை. ஆக, நின்றுபோனது இந்த சர்வர்; கோளாறு இருப்பது இரண்டு அறை தள்ளி, கழன்றுபோன ஒரு நெட்வொர்க் வயரில். இதை ரீஸ்டார்ட் செய்திருந்தால் கால் மணி நேரத்தில் அதே நிலைமை திரும்பியிருக்கும்.

யார் லாக்கைப் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் இதயம். லினக்ஸில் க்ராஷ் என்ற பெயரிலேயே ஒரு டம்ப் படிக்கும் கருவி இருக்கிறது. காத்திருக்கும் ப்ராசஸின் ஸ்டாக்கிலிருந்து அந்த லாக்கின் முகவரியை எடுத்து, அதன் உரிமையாளர் புலத்தைப் படித்தால், பிடித்திருக்கும் ப்ராசஸின் முகவரி கிடைக்கும். அது மியூடெக்ஸ் வகை லாக் என்றால் அந்தப் புலத்தின் கடைசி மூன்று பிட்டுகளைக் கர்னல் வேறு குறிப்புகளுக்குப் பயன்படுத்துகிறது. அவற்றைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும். கழிக்க மறந்தால் அர்த்தமில்லாத முகவரியைத் துரத்திக்கொண்டு அலைய நேரும். பிறகு அந்த உரிமையாளரின் ஸ்டாக்கைப் பாருங்கள். அவரும் வேறொரு லாக்குக்குக் காத்திருக்கலாம். அதன் உரிமையாளரைத் தேடுங்கள். சில நேரம் சங்கிலி சுற்றி வந்து, தொடங்கிய ப்ராசஸிடமே முடியும். அதுதான் டெட்லாக். குறுகிய மலைப்பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு லாரிகள், நீ பின்னால் போ என்று இரண்டும் நின்றால் எப்படியோ அப்படி, காத்திருந்து தீராது. இது கட்டளைகளின் வரிசையில் உள்ள பிழை. நிரலின் ஒரு பாதை லாக்குகளை ஒரு வரிசையிலும் இன்னொரு பாதை மாற்று வரிசையிலும் எடுக்கிறது. இரண்டு ஸ்டாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிழை கண்ணுக்கு முன் தெரியும்.

முழுதாக நின்றுபோன கணினியில் கட்டளை கொடுக்க வழியே இல்லையென்றால், அதை வேண்டுமென்றே விழச் செய்ய வேண்டும். ஹேங்கை க்ராஷாக மாற்றுவது என்பார்கள். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை முன்பே வைத்திருந்தால், வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டினால் நீலத்திரையும் டம்பும் வரும். சர்வர்களில் மதர்போர்டுடன் இருக்கும் மேலாண்மைச் சிப் வழியாக, ப்ராசசர் புறக்கணிக்க முடியாத ஒரு இன்டரப்டை அனுப்பலாம். என்எம்ஐ என்று பெயர். மெய்நிகர் கணினிகளுக்கும் அதே வசதி உண்டு. அமேசான் கிளவுடிலும் வாடகைக் கணினிக்கு இதை அனுப்பலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: கணினி நலமாக இருக்கும்போதே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

லினக்ஸில் டம்ப் எடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. விழுந்த கர்னலின் வட்டு டிரைவரை நம்ப முடியாது. அதுவே குற்றவாளியாக இருக்கலாம். அதனால் கணினி எழும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கர்னல் ஒன்றைத் தயாராக வைத்துவிடுகிறார்கள். முதல் கர்னல் விழுந்ததும், பயாஸ் வழியாகப் போகாமல் நேராக இரண்டாவதற்குத் தாவுகிறது. பயாஸ் வழி போனால் நினைவகம் துடைக்கப்பட்டுவிடும் அல்லவா? புதிய கர்னல் தனக்கென ஒதுக்கிய இடத்துக்குள் மட்டும் ஓடி, பழைய நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகப் பார்த்து, வெற்றுப் பக்கங்களை நீக்கிச் சுருக்கி வட்டில் எழுதுகிறது. கெக்ஸெக் என்ற இந்தத் தாவும் வசதி 2005இல் லினக்ஸ் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. அதன் மேல் எழுந்ததுதான் கேடம்ப். 

நின்றுபோன கணினி கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தால்? அப்படி ஒரு வழக்கும் உண்டு. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி அவ்வப்போது தானாக ரீசெட் ஆனது. ரீசெட் ஆகும்போதெல்லாம் அன்றைய மீதி வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம்.

நல்லவேளையாக, டாஸ்க் மாறுவது, லாக் எடுப்பது, இன்டரப்ட் வருவது ஆகியவற்றைப் பதிவு செய்யும் வசதியை அந்தக் குழு மென்பொருளிலேயே விட்டு வைத்திருந்தது. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அந்தப் பதிவை இயக்கி, அதே ரீசெட் நேரும் வரை விடாமல் ஓட்டினார்கள். பதிவில் சிக்கியது இது: தகவல் பாதையைக் கவனிக்கும் மிக முக்கியமான டாஸ்க், ஒரு லாக்குக்குக் காத்திருந்தது. அதைப் பிடித்திருந்தது வானிலைத் தரவு சேகரிக்கும் முக்கியத்துவம் குறைந்த டாஸ்க். அது வேலையை முடித்து லாக்கை விடுவதற்குள், நடுத்தர முக்கியத்துவமுள்ள டாஸ்க்குகள் வந்து ப்ராசசரைப் பிடித்துக்கொண்டன. அடியில் இருப்பவருக்கு ஓட வாய்ப்பில்லை. அதனால் உச்சியில் இருப்பவரும் நகர முடியவில்லை. முக்கிய டாஸ்க் குறித்த நேரத்துக்குள் முடியாததைக் கண்ட காவல் நிரல், ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு செய்து ரீசெட் செய்துவிட்டது.

தீர்வு அந்த இயங்குதளத்திலேயே இருந்தது. லாக்கைப் பிடித்திருக்கும் சிறிய டாஸ்க்குக்கு, காத்திருக்கும் பெரிய டாஸ்க்கின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகக் கொடுப்பது. அந்த லாக்குக்கு வேகம் கருதி அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றத்தைப் பூமியிலிருந்து அனுப்பி இயக்கினார்கள், ரீசெட் நின்றது. இந்த முறையை ஆராய்ந்து நிறுவிய புகழ்பெற்ற கட்டுரை 1990இல் வந்தது. எழுதியவர்கள் லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி. அவர்களில் ராஜ்குமார் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். மாணவர்களே, இதைப் பெருமையோடு நினைவில் வையுங்கள்.

இந்த வழக்கில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. விண்ணில் ஏவுவதற்கு முன் சோதனையின்போதே இந்த ரீசெட் நேர்ந்திருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியாததால் காரணம் தெரியாமலே போயிற்று. சோதனையில் ஒருமுறை மட்டும் எட்டிப்பார்த்த கோளாறை எத்தனை இடங்களில் நாம் "மறுபடி வரவில்லை" என்று எழுதி மூடிவிடுகிறோம்! அந்த ஒருமுறையிலேயே டம்ப் எடுத்து வைத்திருந்தால் மறுபடி வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நின்ற பிறகு படிப்பது. உயிரோடு ஓடும் கர்னலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. கர்னல் நின்றால் அந்தக் கணினியில் எல்லாமே நிற்கும் என்பதால், டீபக்கரை இன்னொரு கணினியில் ஓட்டி, சீரியல் கேபிளாலோ நெட்வொர்க்காலோ இணைப்பது வழக்கம். ஹேங்கா, மெதுவாக ஓடுகிறதா என்ற ஐயத்தைத் தீர்க்க இது நல்ல வழி. நிறுத்துங்கள், ஸ்டாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட விடுங்கள், சற்றுப் பொறுத்து மறுபடி நிறுத்துங்கள். அதே த்ரெட் அதே வரியில் நின்றால் அது சிக்கியிருக்கிறது. வரி மாறியிருந்தால் வேலை நடக்கிறது, மெதுவாக.

இந்தக் கருவியை வேண்டாமென்று சொன்னவர்களும் உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் கர்னலுக்குள் டீபக்கரைச் சேர்க்க வெளிப்படையாக மறுத்தார். டீபக்கர் கையில் இருந்தால், நிரலாளர் மூலத்தை யோசிக்காமல் அறிகுறியை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டுப் போய்விடுவார் என்பது அவர் அச்சம். கேஜிடிபி என்ற கர்னல் டீபக்கர் 2008இல் 2.6.26 பதிப்பில்தான் உள்ளே வந்தது. அவர் அச்சத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பாயிண்டர் பூச்சியமாக இருந்தது என்பதற்காக ஒரு சோதனை வரியைச் சேர்த்துவிட்டு, ஏன் பூச்சியமானது என்று கேட்காமல் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனை சர்வர் நின்றுகிடக்கும்போது அதைப் பராமரிப்பவர் அந்த நிரலை எழுதியவர் அல்லர். அவருக்கு யோசனையோடு சேர்த்துத் தடயமும் வேண்டும். அந்தத் தேவைக்குக் கருவியை மறுக்கக் கூடாது.

டீபக்கர் சுட்டும் பெயரை உடனே குற்றவாளியாக்குவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு டிரைவர் விடுவித்துவிட்ட நினைவகத்தில் தொடர்ந்து எழுதுகிறது. அந்த இடம் வேறொரு டிரைவருக்குப் போயிருக்கும். விழுவது இரண்டாவது டிரைவர். டம்பில் வருவதும் அதன் பெயர். லினக்ஸில் சோதனை வசதியை இயக்கினால், விடுவித்த நினைவகம் முழுக்க 6பி என்ற ஹெக்ஸ் மதிப்பால் நிரப்பப்படும். ரெஜிஸ்டரில் 6பி, 6பி, 6பி என்று வரிசையாக வந்தால் விடுவித்த இடத்தை யாரோ படித்திருக்கிறார்கள் என்று உடனே புரியும். விண்டோஸில் டிரைவர் வெரிஃபையர், லினக்ஸில் கேஏசான் ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போய், தவறு நடக்கும் அந்தக் கணத்திலேயே பிடித்துக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் அவற்றை இயக்கி அடுத்த விழுகைக்குக் காத்திருப்பதே சரி.

சில நேரம் எந்த மென்பொருளும் குற்றவாளியாக இருக்காது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005இல் ஒரு டம்பைப் பற்றி எழுதினார். ஒரு ரெஜிஸ்டரைப் பூச்சியமாக்கும் கட்டளையில் கணினி விழுந்திருந்தது. அந்தக் கட்டளை நினைவகத்தையே தொடுவதில்லை; விழ வாய்ப்பே கிடையாது. விசாரித்தால், ப்ராசசரை அதன் வரம்புக்கு மேல் வேகமாக ஓடவிட்ட கணினிகள் அவை. நடக்க முடியாதது டம்பில் நடந்திருந்தால் வன்பொருளைப் பாருங்கள்.

டம்ப் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டம்ப் என்பது நினைவகத்தின் நகல். கடவுச்சொல், மறைவிசை, வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். நோயாளிகளின் விவரம் உள்ள சர்வரின் டம்பை யோசிக்காமல் மின்னஞ்சலில் வெளியாருக்கு அனுப்புவது பெரும் தவறு. அதை அந்தத் தரவுத்தளத்தைக் காப்பது போலவே காக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் நாளை அலுவலகம் போனதும், உங்கள் லினக்ஸ் கணினிகளில் கேடம்ப் சேவை ஓடுகிறதா, விண்டோஸ் கணினிகளில் டம்ப் எடுக்கும் அமைப்பு இருக்கிறதா, அதற்குப் போதிய வட்டு இடம் உண்டா என்று பாருங்கள். பார்த்ததோடு விடாதீர்கள். சோதனைக் கணினி ஒன்றை வேண்டுமென்றே விழச் செய்து, டம்ப் கோப்பு உண்மையில் வந்து சேருகிறதா என்று சரிபாருங்கள். சேவை ஓடியும் கோப்பு வராத கணினிகள் நிறைய உண்டு. மாணவர்கள் உங்கள் மடிக்கணினியிலேயே க்யூஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஒரு லினக்ஸ் கர்னலை ஓட்டி, ஜிடிபி என்ற டீபக்கரை அதோடு இணைத்துப் பாருங்கள். தனிக் கேபிளும் வேண்டாம், இரண்டாவது கணினியும் வேண்டாம், பணமும் செலவில்லை. வேண்டுமென்றே ஒரு பிழையான டிரைவரை எழுதி, விழ வைத்து, அந்த டம்பைக் கடைசி ரெஜிஸ்டர் வரை படியுங்கள். படித்ததைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி உங்கள் துறை ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு; தேவையோ நாளுக்கு நாள் கூடுகிறது.